வசனம் காணாமல் போன படமும் வேறு சில விழாக் கதைகளும்

நான் காட்சித் தொடர்பியல் படித்தது திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில். 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் 2012, 2013 ஆண்டுகளில் திரையரங்குக்கே வந்துவிட்டதால், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தங்களை இயக்குநர் என்றே அறிமுகம் செய்துகொண்டார்கள். மீதிப் பேர் ஒளிப்பதிவாளர்கள். துறை நடத்தும் மாணவர் குறும்பட விழாவில் கேபிள் சுருட்டவும் புரொஜெக்டர் தூக்கவும் ஆள் கிடைக்காது. நான் அதில் சேர்ந்தேன்.

வந்த படங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. அலாரம் அடிக்கும், ஒரு கை நீண்டு அதை அணைக்கும், நாயகன் பல் துலக்குவான். தேநீர் குடிப்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். முடிவில் தற்கொலை, இல்லையென்றால் திரையில் ஒரு திருக்குறள். தேர்வுக் குழு பட்ட பாட்டை அவர்கள்தான் எழுத வேண்டும்.

எங்கள் பாடு கலையரங்கத்தோடு. அது முதல்வர் பேசுவதற்காகக் கட்டிய இடம். படம் பார்ப்பதற்கு அங்கே எதுவும் ஒத்துழைக்காது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்தோம், பின்வரிசை மின்விசிறிகளை நிறுத்தினோம். கல்லூரி ஒலிபெருக்கியை நம்பாமல் வெளியிலிருந்து ஒரு மைக்செட் அண்ணாச்சியை வரவழைத்தோம். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று சுற்றுகிற மனிதர். "படத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை, தம்பி" என்று சொல்லிக்கொண்டேதான் ஒலிபெருக்கிப் பாக்ஸ்களை இறக்கினார்.

விழாவுக்கு முந்தின இரவு ஒவ்வொரு படமாக ஓட்டிப் பார்த்தோம். தூத்துக்குடி மாணவி ஒருவரின் படம் வந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் தாயும் மகளும், நல்ல வெயில், நல்ல முகங்கள். வசனம் மட்டும் இல்லை. வாய் அசைகிறது, இசை ஒலிக்கிறது, காக்கை கரைகிறது, பேச்சைக் காணோம். அதே கோப்பை மடிக்கணினியில் இயர்போன் மாட்டிக் கேட்டால் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. கேபிளை மாற்றினோம், மடிக்கணினியை மாற்றினோம். மாணவிக்குத் தொலைபேசினால், "நான் இருபது பேருக்குக் காட்டிவிட்டேன், அண்ணா. யாரும் குறை சொல்லவில்லையே" என்றார். இருபது பேரும் இயர்போனில் கேட்டவர்கள்.

திண்ணையில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி கை கழுவிவிட்டு வந்தார். ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்குமாகச் செருகியிருந்த இரண்டு பின்களில் ஒன்றைப் பிடுங்கினார். உடனே தாய் பேசினாள்.

"ஒரு பக்கம் தள்ளுகிறது, மறுபக்கம் இழுக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் மிச்சம் என்ன இருக்கும்?" என்றார். கொடையில் இரண்டு பாக்ஸில் ஒன்றுக்கு வயர் மாற்றிக் கொடுத்துவிட்டால் நடுவில் நிற்பவனுக்குச் சத்தம் சப்பென்று இருக்குமாம். அந்தக் கணக்குதான் இதுவும். மைக்கிலிருந்து கேமராவுக்குப் போன கேபிளின் இணைப்பில், ஒரே குரல் இடப்பக்கம் நேராகவும் வலப்பக்கம் தலைகீழாகவும் பதிவாகியிருக்கிறது. இயர்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போவதால் தெரியவில்லை. எங்கள் அரங்கம் ஒற்றை ஒலி அமைப்பு. இரண்டும் கலந்ததும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. இசையைத் தனியாகச் சேர்த்திருந்ததால் அது பிழைத்தது.

மாணவியிடம் கேட்டுக்கொண்டு இடப்பக்க ஒலியையே இரண்டு பக்கமும் போட்டுப் புதிய கோப்பு எடுத்தோம். பிறகு எல்லாப் படங்களையும் அதே முறையில் கேட்டுப் பார்த்தோம். ஒரு படம் கிசுகிசுக்கும், அடுத்தது காதைக் கிழிக்கும். எந்தப் படத்துக்கு எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று அண்ணாச்சி ஒரு சிகரெட் அட்டையில் எழுதி மிக்ஸர்மேல் ஒட்டினார்.

மறுநாள் மாணவி தன் அம்மாவோடு வந்திருந்தார். படத்தில் தாயாக நடித்தவரும் அவர்தான். படம் முடிந்து விளக்கு எரிந்ததும், "என் குரல் இவ்வளவு கட்டையாகவா இருக்கிறது?" என்று மகளைக் கேட்டது மூன்று வரிசை தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

நடுவர்கள் அந்தப் படத்துக்குப் பரிசு தரவில்லை. எனக்கு இன்றும் அதில் மனத்தாங்கல் உண்டு.

* * *

நான் தென்மாவட்டத்தில் வேறொரு கல்லூரியில் விழாப் பொறுப்பு ஆசிரியையாக இருந்தவள். எங்களுக்கு ஒலியால் தொல்லை வரவில்லை. ஒரு படத்தால் வந்தது.

பள்ளி மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் நிறக் கயிறு கட்டுவது பற்றிய படம். இந்தப் பகுதியில் இது யாருக்கும் புதிய செய்தி அல்ல. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீட்டில் வைத்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யவே பரிந்துரைத்தது. படத்தில் ஒரு பையன் பேருந்து ஏறுமுன் கயிற்றைக் கழற்றிப் பைக்குள் போடுவான், பள்ளி வாசலில் மீண்டும் கட்டுவான். அவ்வளவுதான் கதை.

நிர்வாகத்திலிருந்து அழைப்பு வந்தது. "தணிக்கைச் சான்று இல்லாத படத்தை எப்படிக் காட்டுவீர்கள்?" 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குச் சான்று வேண்டும்தான், விழா நடத்துகிறவர்கள் மத்திய அமைச்சகத்திடம் விலக்குக் கேட்பதும் உண்டு. ஆனால் எங்களுக்கு வந்த எந்தப் படத்துக்கும் சான்று கிடையாது. மரம் நடச் சொல்லும் படத்துக்கும் கிடையாது. அப்படியானால் அதையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. கடைசியில், வெளியாள் யாரும் இல்லாமல், அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும், இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காட்டலாம் என்று முடிவானது. தூக்கம் வரும் நேரம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போலும். தடை என்ற பேச்சு பரவிவிட்டதால் அரங்கில் நிற்க இடமில்லை.

கலந்துரையாடலில் வேதியியல் துறை மாணவன் ஒருவன் எழுந்தான். "படத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, மேடம். கயிறு கட்டியவனைவிட, கட்டாதவனைத்தான் முதலில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். நீ யார் என்று" என்றான். கைதட்டல் எதுவும் எழவில்லை. இயக்கிய மாணவன் குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டான். நடுவர்களின் கருத்துகளில் ஒன்றைக்கூட அவன் எழுதியதை நான் பார்க்கவில்லை.

* * *

உங்கள் விழாக்களில் படமாவது காட்டியிருக்கிறீர்கள். நான் தர்மபுரியிலிருந்து இரவு பஸ் பிடித்துச் சென்னையில் ஒரு விழாவுக்குப் போனேன். பத்து மணிக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழ் சொன்னது. சிறப்பு விருந்தினர் வந்தது பன்னிரண்டரைக்கு. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, பிறகு அவர் தன் இளமைக்காலப் போராட்டங்களை முக்கால் மணி நேரம் விவரித்தார். 'குறும்படம் சுருக்கமாக இருக்க வேண்டும்' என்பது அவர் தந்த அறிவுரை.

அரங்கத்தை ஐந்து மணிக்கு ஒப்படைக்க வேண்டுமாம். எனவே எல்லாப் படங்களிலும் முதல் மூன்று நிமிடம் மட்டும் ஓட்டினார்கள். என் படத்தில் கதை தொடங்குவதே நான்காவது நிமிடத்தில். அலாரம் அடிக்கும் படங்களைக் கேலி செய்கிறீர்களே, அன்று அரங்கில் முழுதாகப் புரிந்தவை அவைதான்!

குறும்பட உலகமே மதிக்கும் பிரான்சின் கிளேர்மோன்-ஃபெரான் விழா, 1979-இல் பல்கலைக்கழகத் திரைப்படச் சங்கம் ஒன்று நடத்திய குறும்பட வாரத்திலிருந்து வளர்ந்தது. அங்கே யாருக்காவது பொன்னாடை போர்த்தினார்களா என்று அறிய ஆசை. அண்ணாச்சி கதை எழுதியவரிடம் ஒரு கேள்வி: மிக்ஸர் இல்லாத வீட்டில் இந்த ஒலிச் சிக்கலை எப்படிக் கண்டுபிடிப்பது?

* * *

கைபேசி போதும். அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் போனால் ஒற்றை ஒலி என்று ஒரு பொத்தான் இருக்கும். ஒரு காது கேளாதவர்களுக்காக வைத்தது. அதை இயக்கி, இயர்போனில் படத்தைக் கேளுங்கள். வசனம் மெலிந்தாலோ மறைந்தாலோ விழாவுக்கு அனுப்புமுன் சரிசெய்துவிடுங்கள். எல்லா ஊரிலும் அண்ணாச்சி கிடைக்கமாட்டார். நான்காவது நிமிடத்தில் தொடங்கும் அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள், முழுதாகப் பார்க்கிறேன்.