ஒரு கிலோ கொழுப்புக்கு ஒரு லிட்டர் டீசலா?

மஞ்சக்குப்பம் கறிக்கடை: நேத்து ஒருத்தர் இங்க "ஒரு கிலோ ஆட்டுக்கொழுப்புக்கு ஒரு லிட்டர் டீசல் எடுக்கலாம், கடலூர் கறிக்கடைக் கழிவுலயே துறைமுகத்துப் போட் ஓட்டலாம்"னு எழுதியிருந்தார். படிச்சதுல இருந்து மனசு ஆறல. இருபது வருஷமா கொழுப்பு அறுக்குறவன் சொல்றேன், வராது. போன வாரம் அஞ்சு கிலோ அண்டாவுல போட்டு உருக்கினேன். தண்ணி சடசடன்னு தெறிச்சு அடங்கவே ஒன்றரை மணி நேரம். வடிகட்டி நிறுத்தா மூணரை கிலோ. மீதி சக்கை.

வில்லியனூர் வேதியியல்: எழுதினது நான்தான். உருக்கின கொழுப்புக்குச் சொன்ன கணக்கு அது. மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தா கிளிசரின் அடியில தங்கும், மேல கிட்டத்தட்ட ஒரு கிலோ பயோடீசல் நிக்கும். அடர்த்தி 0.88, அதாவது லிட்டருக்கு 0.88 கிலோ. லிட்டர்ல 1.1 வருது. கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும்.

மஞ்சக்குப்பம் கறிக்கடை: "உருக்கின"ங்கிற வார்த்தை நேத்து எங்க போச்சு வாத்தியாரே? அஞ்சு கிலோ, மூணரை கிலோ.

முதுநகர் போட்: மார்கழிப் பனியில அது உறைஞ்சு பில்டர் அடைச்சா நடுக்கடல்ல யார் வந்து கட்டி இழுக்குறது?

வில்லியனூர் வேதியியல்: மாட்டுக்கொழுப்பு பயோடீசலே 15 டிகிரி பக்கம்தான் கலங்க ஆரம்பிக்கும். கடலூர் மார்கழியில 15க்குக் கீழ போறதே அபூர்வம்.

முதுநகர் போட்: உங்க பாண்டியில டீசல் விலை கம்மி, உட்கார்ந்து பேசலாம். நாங்க அப்படியா?

வில்லியனூர் வேதியியல்: முள்ளோடை எல்லை தாண்டி வந்து டேங்க் நிரப்பும்போது மட்டும் பாண்டி இனிக்குதா?

நெய்வேலி பிளாண்ட்: நீங்க பேசுறது பயோடீசல். ரினியூவபிள் டீசல் வேற. கொழுப்போட ஹைட்ரஜன் சேர்த்து 300 டிகிரிக்கு மேல, அழுத்தத்துல, வினையூக்கி வச்சு ஆக்ஸிஜனை நீக்குறது. பின்லாந்தோட நெஸ்தே கம்பெனி 2007ல போர்வூவுல அந்த ஆலையைத் தொடங்கிச்சு. டீசலோட அப்படியே கலக்கலாம். எதைப் பத்திப் பேசுறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

மஞ்சக்குப்பம் கறிக்கடை: பின்லாந்து இருக்கட்டும் சார். அங்கயும் பச்சைக் கொழுப்புல தண்ணி உண்டுல்ல? மூணரைதான். பழசாகிப் புளிச்ச கொழுப்புல காஸ்டிக் போட்டா பாதி சோப்பாப் போகும், அதையும் வாத்தியார் சொல்லல. போன வருஷம் மீன்கழிவு விவாதத்துலயும் இதே ஆள்தான் என்னைப் "படிக்காதவர்"னு எழுதினார். மறக்கல.

வில்லியனூர் வேதியியல்: புளிச்ச கொழுப்புக்கு முதல்ல ஆசிட் வச்சு ஒரு கட்டம் இருக்கு. அன்னிக்கும் இதைத்தான் சொன்னேன், நீங்கதான் கேட்கல.

மஞ்சக்குப்பம் கறிக்கடை: ஞாயித்துக்கிழமை வியாபாரம் முடிஞ்சு மூணு மணிக்குக் கடைக்கு வாங்க. உங்க கண்ணு முன்னாடியே நிறுக்கிறேன்.

வில்லியனூர் வேதியியல்: உருக்கிட்டு நிறுங்க, வர்றேன்.

மஞ்சக்குப்பம் கறிக்கடை: பச்சையாத்தான் நிறுப்பேன்.