சுரங்க விளக்குக்குக் கண்ணாடி எங்கே கிடைக்கும்?

பெரியப்பா சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த பாதுகாப்பு விளக்கு (சுரங்க வாயுவில் தீப்பற்றாதபடி சுடரைக் கண்ணாடியும் கம்பிவலையும் சூழ்ந்திருக்கும் விளக்கு) கிருஷ்ணகிரி வீட்டில் இருக்கிறது. தகட்டில் 'புரொடெக்டர், ஈக்கிள்ஸ், டைப் 6' என்று பொறித்திருக்கும். போன பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது கீழே விழுந்து கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. காந்தப் பூட்டை ஓசூர்ப் பட்டறையில் திறந்துவிட்டார்கள். உள்ளே கம்பிவலை துருவேறி, தொட்டாலே உதிர்கிறது.

லாந்தர் சிம்னி போட்டுப் பார்த்தேன். நடுவில் உப்பியிருப்பதால் உட்காரவில்லை. இதற்கு இரு முனையும் மட்டமாகத் தேய்த்த, தடித்த நேர் உருளைதான் வேண்டும். கொசுவலையும் சரிவராது, அசல் வலையில் அங்குலத்துக்கு 28 கண். பழைய வாஷர் ஆஸ்பெஸ்டாஸோ, தூசி மூச்சில் போய்விடுமோ என்று பயந்து அதைச் சுரண்டவில்லை. அலமாரியில் வைக்கத்தான், ஆனாலும் ஒப்புக்கு எதையாவது மாட்ட மனசில்லை.

கொத்தகூடம், தன்பாத், பெங்களூர் பக்கம் இந்தக் கண்ணாடியும் வலையும் விற்கும் கடை யாருக்காவது தெரியுமா?