வெள்ளத் திட்டம்: டேப் பிடித்து அளந்தால் தெரிவது

குறுக்குத்துறை:
உள்ளாட்சிகள் எழுதிவைக்கும் வெள்ளத் திட்டம் எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு உள்ளாட்சிகளுக்கென்றே இருக்கிறது. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடு, சாதனங்களை எடுத்தவுடன் ஓடுகிற நிலையில் வை என்கிறது. களத்தில் யார் எந்த வேலையைப் பார்ப்பது என்பதைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 2010 ஐ.ஆர்.எஸ். (இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்) வழிகாட்டி சொல்கிறது. மாவட்டத்துக்குக் கலெக்டர் பொறுப்பு அதிகாரி. சம்பவ இடத்தில் வேலையை நடத்துகிறவர் இன்சிடென்ட் கமாண்டர். அவருக்குக் கீழே ஆபரேஷன் (களப்பணி), பிளானிங் (திட்டமிடல்), லாஜிஸ்டிக்ஸ் (பொருள், வண்டி ஏற்பாடு) என்று மூன்று பிரிவு.

பெரும்பாலும் பிசகுவது இந்தப் பொறுப்புகளுக்கான அட்டவணையின் கட்டங்களை நிரப்பும்போதுதான். ஆள் பெயரை எழுதுவார்கள். அவர் மாறுதலில் போயிருப்பார், பெயர் மட்டும் சுவரில் தொங்கும். இன்னொரு இடத்தில் ஒரே உதவிப் பொறியாளர் மூன்று கட்டத்தில் இருப்பார். பதவியை எழுதுங்கள். அவர் வர முடியாவிட்டால் யார், அவரும் சிக்கிக்கொண்டால் யார் என்று இரண்டு மாற்று எழுதுங்கள். ஒருவர் கீழ் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது ஸ்டேஜிங் ஏரியா. வெளியிலிருந்து வரும் படகு, ஜே.சி.பி., மீட்புக் குழு எல்லாம் முதலில் வந்து பதிவு செய்கிற மைதானம் அது. வந்த நேரம், ஆள் எண்ணிக்கை, எங்கே அனுப்பப்பட்டது எல்லாம் ஐ.ஆர்.எஸ். வழிகாட்டியின் 6-ஆம் எண் படிவத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஒரு தெருவில் நான்கு படகு நிற்கும், அடுத்த தெருவில் ஒன்றும் இருக்காது.

நெல்லை மாநகராட்சிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாளையங்கோட்டை, மேலப்பாளையம் மண்டலங்கள் தாமிரபரணி ஆற்றுக்கு ஒரு கரை; திருநெல்வேலி, தச்சநல்லூர் மறு கரை. பாலங்களில் போக்குவரத்தை நிறுத்திவிட்டால் ஊர் இரண்டு. ஆகவே ஸ்டேஜிங்கும் இரண்டு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி டீசல், தனிப் பொறுப்பாளர். லாரி திரும்ப இடம் இருக்கிறதா, வரும் வழியில் தரைப்பாலமோ சுரங்கப்பாதையோ குறுக்கிடுகிறதா என்று ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். கட்டுப்பாட்டு அறைக்கும் மாற்று இடம் குறித்து வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே ஆறு வந்துவிட்டது.

மேலப்பாளையம் மேற்கு:
அண்ணாச்சி, முகாம் கணக்கையும் சேத்துச் சொல்லிருதேன். நிவாரண முகாமுக்கான குறைந்தபட்சத் தரத்தைத் தேசிய ஆணையம் 2016-ல போட்டுச்சு. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரை இடம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடிதண்ணி. 30 பேருக்கு ஒரு கக்கூஸ், அதுவும் 50 மீட்டருக்குள்ள. பெரியவங்களுக்கு 2,400 கலோரி, பிள்ளைகளுக்கு 1,700.

இத வச்சி ஒரு பள்ளிக்கூடத்த அளந்து பாருங்க. இருபதுக்கு இருபது அடி வகுப்பறை சுமாரா 37 சதுர மீட்டர், அதாவது பத்துப் பேர். எட்டு வகுப்பறைன்னா எண்பது பேர், அவ்வளவுதான். ஆனா திட்டத்துல அதே பள்ளிக்கு எதிர 300-ன்னு இருக்கும். யாரோ ஒரு வருசம் குத்துமதிப்பாப் போட்டது, பிறகு வருசா வருசம் பழைய ஃபைலப் பாத்து நகல் எடுத்தது. பெஞ்ச எங்க தூக்கி அடுக்கன்னும் யோசிக்கணும். வராண்டாவுல அடுக்கினா நடக்க வழி போச்சி. மாடி இருந்தா மாடிக்கு ஏத்துங்க.

எண்பது பேருக்கு மூணு கக்கூஸ், குடிக்க மட்டும் நாளைக்கு 240 லிட்டர், அதாவது பன்னெண்டு 20 லிட்டர் கேன். மோட்டார் கரண்டுலதான் ஓடும், கரண்டு போயிரும். அதனால மேல்நிலைத் தொட்டி கொள்ளளவ எழுதி, ஜெனரேட்டர் எந்த வாடகைக்கடையிலருந்து வரும், அந்தக் கடை தாழ்வுல இருக்கா மேட்டுல இருக்கான்னும் எழுதுங்க. பள்ளிச் சாவி யாருகிட்டங்கிறதும் அதே தாள்ல இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு முதல்ல தேடுறது சாவியத்தான்.

பொதிகையடி:
சாதனங்கள் பற்றி. பேரிடர் மீட்புக்கு உள்ளூர் ஆட்களைப் பழக்கும் ஆப்த மித்ரா திட்டத்தின் தன்னார்வலர்களுக்கு 18 முதல் 40 வயது வரம்பு, 12 நாள் பயிற்சி. லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், டார்ச், விசில், கம்பூட், முதலுதவிப் பெட்டி எல்லாம் அடங்கிய ஒரு கிட்டும் கையில் கிடைக்கும். பயிற்சி குறை சொல்ல முடியாதது. அதற்குப் பிறகு தொட்டுப் பார்க்க ஆளில்லை என்பதுதான் குறை. பட்டியலில் உள்ள இளைஞர்களில் பாதிப் பேர் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போயிருப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா எண்ணுக்கும் போன் போட்டு, ஊரில் இல்லாதவர் பெயரை அடிக்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை ஸ்டோர் ரூமில் மூட்டைக்கு அடியில் போட்டால் உள்ளே இருக்கும் நுரை அமுங்கிப்போகும், மிதக்கும் திறன் குறையும். தொங்கவிட வேண்டும். போட்டவரின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் தாடைக்கு மேல் ஏறினால் அது அவருக்குப் பெரிது, அல்லது வார் இறுகவில்லை.

கயிறு விஷயத்தில் நம் பக்கம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. பாய்கிற தண்ணீரில் இறங்குகிறவர் இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டி, கரையில் நாலு பேர் பிடித்துக்கொள்வது. கயிறு இறுகியதும் நீரோட்டம் அவரை அமுக்கும், தலை மேலே வராது, முடிச்சும் அவிழாது. கட்டுவதென்றால் இழுத்தவுடன் கழன்றுகொள்ளும் வார் உள்ள மீட்பு ஜாக்கெட்டில்தான் கட்ட வேண்டும். அது இல்லையென்றால் இறங்காமல் கரையிலிருந்து எறியுங்கள். 15 முதல் 20 மீட்டர் பாலிபுரொப்பிலீன் கயிறு போதும், அது மிதக்கும், நைலான் மூழ்கும். கயிறு ஆளைத் தாண்டி விழ வேண்டும். எறிகிறவர் நுனியைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

குறுக்குத்துறை:
நல்ல சேர்க்கை. 2025 சட்டத் திருத்தப்படி மாநகராட்சி நகரங்களுக்குத் தனி நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தை மாநில அரசு அமைக்கலாம். அமைந்தால் அதற்கும் அடிப்படை இதே தாள்கள்தான்.

மேலப்பாளையம் மேற்கு:
ஒத்திகையப் பத்தி யாரும் சொல்லலியே, அண்ணாச்சி?

குறுக்குத்துறை:
சொல்கிறேன். வெயில் காயும் காலை பதினோரு மணிக்கு, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, ஆம்புலன்ஸைத் தெருமுனையில் நிறுத்திவைத்து நடத்தும் ஒத்திகையில் எதுவும் தோற்காது. தோற்காவிட்டால் எது ஓட்டை என்று தெரியாது. மேஜை ஒத்திகை ஒன்று போதும்: ஒரு வார்டு வரைபடம், பத்துப் பேர், இரண்டு மணி நேரம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழையையே கணக்காக வையுங்கள். அரை மணிக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். ‘அணையில் திறப்பு கூடியது’, ‘முகாமில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி’, ‘ஜெனரேட்டரில் தண்ணீர்’. ஒவ்வொரு சீட்டுக்கும் யார் யாரிடம் சொல்ல வேண்டும், எதன் வழியாக என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் தனியே உட்கார்ந்து, பதில் வராத இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளட்டும்.

அறைக்குள் வரும்போதே எல்லோருடைய செல்போனையும் வாங்கி ஒரு பையில் போட்டுவிடுங்கள். 2023 வெள்ளத்தில் செல்போன் டவர்களும் ஓய்ந்துபோயின. வாக்கி டாக்கி, பைக்கில் போகிற ஆள், கோயில் மைக், பள்ளிவாசல் மைக் இவை மட்டும் கணக்கில் வரும். ஐ.ஆர்.எஸ். வழிகாட்டியின் 9-ஆம் எண் தகவல் தொடர்புப் படிவத்தில் என்ன எழுதுவதென்று அப்போது தானாகத் தெரிந்துவிடும்.