9 நிமிடமா, 11 நிமிடமா? பாக்ஸருக்கு ரோடு ஓட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு

காசிமேடு குமரன்:
நேற்று என்னிடம் பயிற்சி எடுக்கும் பையன் ஒரு யூடியூப் கோச்சின் வீடியோவை அனுப்பினான். "அமெச்சூர் பாக்ஸிங் மேட்ச் மொத்தமே 9 நிமிடம். அதற்கு எதற்கு தினம் 10 கிலோமீட்டர் ஓட்டம்? 4 நிமிடம் தபாட்டா என்ற வேகப் பயிற்சியை விட்டு விட்டுச் செய்தால் போதும், ரோடு ஓட்டம் மூடநம்பிக்கை" என்கிறார் அவர். பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. இன்று காலை நாலரைக்கு ஆறு பேர் வர வேண்டும், இரண்டு பேர்தான் வந்தார்கள்.

முதலில் அவருக்குக் கணக்கே தெரியவில்லை. 3 நிமிடச் சுற்று மூன்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு இரண்டு. மொத்தம் 11. அந்த ஓய்வில்தான் சண்டையே தீர்மானமாகிறது. கார்னர் ஸ்டூலில் வந்து உட்காரும் பையனின் விலாவைப் பாருங்கள். அரை நிமிடத்தில் வாய் மூடி மூச்சு மூக்குக்குத் திரும்பினால் அடுத்த சுற்று அவனுடையது. மணி அடிக்கும்வரை வாயைப் பிளந்துகொண்டிருந்தால், எழுந்ததும் இடது கை தாடையை விட்டு இறங்கிவிடும். இதை 4 நிமிடத்தில் கொடுக்க முடியாது. மாதக்கணக்கில் ஓடித்தான் வரும்.

பிரவீன்_எக்ஸ்_வெல்டர்:
குமரன் அண்ணே, அவர் பேசிய விதம் தப்பு, விஷயம் தப்பில்லை. அடி விழுவது 9 நிமிடம்தான். தபாட்டா ஏதோ ஜிம்மில் கிளம்பிய பேஷன் இல்லை. ஜப்பானில் இசுமி தபாட்டா குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வு. சைக்கிளில் 20 நொடி உச்ச வேகம், 10 நொடி ஓய்வு, ஏழெட்டு தடவை. ஆறு வாரத்தில் ஆக்ஸிஜன் எடுக்கும் திறனும் ஏறியது, ஆக்ஸிஜன் போதாதபோது தாக்குப்பிடிக்கும் திறனும் 28 சதவீதம் ஏறியது. இன்னொரு குழு ஒரு மணி நேரம் ஒரே சீராக மிதித்தது. அவர்களுக்கு இரண்டாவது ஏறவே இல்லை. ரிங்கில் எவனும் சீராக அடிப்பதில்லை. ஆறு குத்து, விலகல், மறுபடி ஆறு குத்து.

காசிமேடு குமரன்:
11 என்று ஒத்துக்கொண்டுவிட்டு அப்புறம் ஜப்பானுக்குப் போ தம்பி.

கோவை நிலா:
ஒரு திருத்தம். எல்லாரும் 9, 11 என்று ஆண்கள் கணக்கையே பேசுகிறீர்கள். லண்டன் 2012-ல் மேரி கோம் வெண்கலம் வாங்கியபோது பெண்களுக்கு 2 நிமிடச் சுற்று நான்கு. எங்களுக்கு 3 நிமிடச் சுற்று வந்தது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. 10 கிலோமீட்டர் என்று எடுத்தவுடன் சொல்லாதீர்கள் அண்ணா. எனக்கு 19 வயதில் தினம் தார் ரோட்டில் ஓடச் சொன்னார்கள். முன்னங்கால் எலும்பில் விரலை வைத்தாலே கண்ணில் தண்ணீர் வரும். சொன்னால் "சாக்கு" என்றார்கள். நாலு மாதம் படுத்தேன், அந்த வருட மாநிலப் போட்டி போனது. மூச்சு முக்கியம்தான், அதை சைக்கிளிலும் நீச்சலிலும்கூட வளர்க்கலாம்.

காசிமேடு குமரன்:
நிலாம்மா, உன்னை ஓட்டம் கெடுக்கவில்லை, தாரும் ஷூவும் கெடுத்தன. என் பசங்க கடற்கரை ஈர மணலில், அலை வந்து போன இடத்தில் ஓடுகிறார்கள். முதல் மாதம் 3 கிலோமீட்டர்தான். ஓடும்போது பக்கத்தில் இருப்பவனோடு பேச முடிய வேண்டும், பேச்சு முறிந்தால் வேகம் அதிகம். அதுதான் என் அளவு.

மதுரை ராஜா:
எதற்கு இத்தனை சண்டை? ஸ்கிப்பிங் போதும். 3 நிமிடம் குதி, ஒரு நிமிடம் நில், பத்து ரவுண்டு. ஆனால் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், தோல் கயிறுதான் கைக்கு நிற்கும்.

பிரவீன்_எக்ஸ்_வெல்டர்:
வேகம் வர வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பூசிய வயர் கயிறு ராஜா. தோல் கயிறு இப்போது யார் வைத்திருக்கிறார்கள்?

மதுரை ராஜா:
நான் வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாக ஒரே கயிறு. வயர் கயிறு முதுகில் ஒரு தடவை பட்டால் தெரியும்.

காசிமேடு குமரன்:
கயிற்றுக்குத் தனித் திரி தொடங்குங்கள்.

பிரவீன், உன் ஆய்வை என் மகளிடம் வாசிக்கச் சொன்னேன், அவள் பிசியோதெரபி படிக்கிறாள். வாரத்தில் நாலு நாள்தான் தனியாக அந்த 4 நிமிட வேலை. ஐந்தாவது நாள் அந்தக் குழுவும் முதலில் 30 நிமிடம் சீராக மிதித்திருக்கிறது! இதை ஏன் சொல்லவில்லை? போன மாதம் எடைக் குறைப்புத் திரியிலும் இப்படித்தான் பாதியைச் சொல்லிவிட்டு ஓடினாய்.

இன்னும் கேள். 1974, கின்ஷாசா, முகமது அலிக்கும் ஜார்ஜ் ஃபோர்மேனுக்கும் நடந்த சண்டை. ஃபோர்மேன் அதற்கு முன் ஃப்ரேசியரை இரண்டே சுற்றில் முடித்தவர், நார்ட்டனையும் இரண்டே சுற்றில் முடித்தவர். அலி ரிங் கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிக்கொண்டே இருந்தார். ஃபோர்மேனின் கை கனத்துப்போனது, எட்டாவது சுற்றில் விழுந்தார். பலம் இருந்தது, அடி இருந்தது, மூச்சு இல்லை.

பிரவீன்_எக்ஸ்_வெல்டர்:
நான் எங்கேயும் ஓடவில்லை அண்ணே, எனக்கு அன்று நைட் ஷிப்ட். எடைக் குறைப்பில் நான் சொன்னது சரிதான், வேண்டுமானால் அங்கேயே வாருங்கள்.

அந்த 30 நிமிடம் வாரத்துக்கு ஒரு நாள். நீங்கள் ஆறு நாள் ஓட வைக்கிறீர்கள். கின்ஷாசா சண்டை 15 சுற்றுக்குப் போட்டது. உங்கள் பையன் 9 நிமிடம் ஆடுகிறான். காலையில் கால்களைக் களைப்பாக்கிவிட்டு மாலையில் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், இறக்கினால் அவனுக்குக் கால் நகராது. நான் ஆடிய காலத்தில் எனக்கு நடந்தது அதுதான், பாதி ஸ்பாரிங் தூக்கத்தில் போனது.

காசிமேடு குமரன்:
11.

உன் கால் நகராததற்குக் காரணம் ஓட்டம் இல்லை, ராத்திரி ஒரு மணிக்குப் படுத்தது. நான் வேகப் பயிற்சியே வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? செவ்வாய், வெள்ளி என் பசங்க 400 மீட்டர் வேக ஓட்டம் எட்டு தடவை ஓடுகிறார்கள், நடுவில் ஒரு நிமிட நடை. குத்துப் பையில் 30 நொடி அடி, 30 நொடி ஷேடோ, அதாவது எதிராளி இல்லாமல் காற்றில் குத்து. ஆனால் அடித்தளம் இல்லாமல் அதைப் போட்டால் மூன்றாவது வாரமே பையன் காய்ச்சலில் படுக்கிறான். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நீளும் எந்த வேலையிலும் பாதிக்கு மேல் ஆக்ஸிஜனால்தான் நடக்கிறது என்று என் மகள் சொல்கிறாள். 3 நிமிடச் சுற்று எங்கே வருகிறது, நீயே பார்.

கோவை நிலா:
அண்ணா, என் ஷூவைக் குறை சொன்னதற்கு மட்டும் பதில். அது புது ஷூ. தூரத்தை ஒரே வாரத்தில் இரண்டு மடங்காக்கியதுதான் காரணம். உங்கள் 3 கிலோமீட்டர் முறை அன்று இருந்திருந்தால் நான் படுத்திருக்க மாட்டேன். ஆனால் இதை "ஓட்டம் கெடுக்கவில்லை" என்று நீங்கள் எழுதியதை ஏற்க மாட்டேன்.

காசிமேடு குமரன்:
ஒரு சோதனை வைக்கிறேன். மூன்றாவது சுற்று மணி அடித்ததும் நாடித் துடிப்பை எண்ணு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணு. எத்தனை இறங்குகிறது என்று போடு. என் பையன், 17 வயது, 57 கிலோ: 188, பிறகு 138. ஐம்பது இறங்கியது.

பிரவீன்_எக்ஸ்_வெல்டர்:
நான் பயிற்சி கொடுக்கும் பையன், 18 வயது. ரோடு ஓட்டம் வாரம் ஒரு நாள்தான், மற்றதெல்லாம் இன்டர்வல், வேகமும் ஓய்வும் மாறி மாறி. 186, பிறகு 139. நாற்பத்தேழு. 9 நிமிட வேலைக்கு இது போதாதா?

காசிமேடு குமரன்:
வாட்ச்சில் பார்த்தாயா, கழுத்தில் விரல் வைத்து எண்ணினாயா? வியர்வையில் வாட்ச் தப்பாகக் காட்டும்.

பிரவீன்_எக்ஸ்_வெல்டர்:
வாட்ச்தான். நீங்கள்?

காசிமேடு குமரன்:
விரல். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினேன்.

பிரவீன்_எக்ஸ்_வெல்டர்:
188-ஐ நாலால் வகுத்தால் 47, அது சரி. 138-ஐ நாலால் வகுத்தால் முழு எண்ணே வராது அண்ணே.

காசிமேடு குமரன்:
இரண்டாவது தடவை 30 நொடி எண்ணினேன், 69. நாளைக்குக் காலை நாலரைக்கு அவனையே மறுபடி எண்ணிப் போடுகிறேன். நீ விரலை வைத்து எண்ணிப் போடு. அதோடு 11 என்றும் எழுது.

மதுரை ராஜா:
ஸ்கிப்பிங் முடிந்ததும் எண்ணினால் செல்லுமா?