எடிட்டிங் லைசென்ஸா, ஹேண்டாஃப் சீட்டா? பெங்களூரில் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

எச்.எஸ்.ஆர். டிசைனர்:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். ஆறு பேர் கம்பெனி, பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆப். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றார் முதலாளி. வீடியோ எடிட்டிங் லைசென்ஸ் வாங்கலாம், இல்லை டெவலப்பர்களுக்கு ஃபிக்மாவில் டெவ் மோட் சீட் வாங்கலாம். ஃபிக்மா நாங்கள் டிசைன் வரையும் மென்பொருள். டெவ் மோட் என்பது டெவலப்பர் அந்த டிசைனைத் திறந்து அளவுகளைத் தானே பார்த்துக்கொள்ளும் வசதி, சீட் என்பது ஒரு ஆளுக்கான அனுமதி. இப்படி டிசைனை டெவலப்பர் கையில் ஒப்படைப்பதைத்தான் ஹேண்டாஃப் என்கிறோம். 2023 ஜூனில் டெவ் மோட் வந்தபோது இலவசம், நன்றாகப் பழகிவிட்டோம். 2024 தொடக்கத்தில் அதற்குக் காசு என்று ஆனது. என்னைக் கேட்டார்கள். விளம்பர வீடியோ ஓடினால்தான் சம்பளம் வரும் என்று நினைத்து எடிட்டிங் என்றேன். அந்தக் கணக்கு தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை.

ஒரு ராத்திரி சார்ஜரை மறந்துவிட்டு ஆபீஸுக்குத் திரும்பிப் போனேன். பத்து மணி இருக்கும், ஒரே ஒரு விளக்கு எரிந்தது. எங்கள் டெவலப்பர், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஜியாமெட்ரி பாக்ஸில் வருமே, அந்த 15 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேலை மானிட்டர் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலைப்புக்கும் பட்டனுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

சீட் இல்லை என்பதால் நான் டிசைனைப் படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போகும். அதைத் திறந்து, திரையில் எந்த அளவில் தெரிகிறதோ அந்த அளவில் ஸ்கேல் வைத்தால் என்ன கிடைக்கும்? நான் 16 பிக்சல் வைத்த இடம் ஆப்பின் ஒரு பக்கத்தில் 14, இன்னொரு பக்கத்தில் 19 என்று வந்திருந்தது. அவன் கவனக்குறைவு என்று மீட்டிங்கில் இரண்டு முறை சொல்லியும் இருக்கிறேன்.

"ஏம்பா, என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றேன். "நீங்களே மூணு பேர் வேலை பாக்கறீங்கக்கா, தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்" என்றான்.

அல்சூர் எடிட்டர்:

எங்களுக்கு நேர் எதிராக நடந்தது. இரண்டு பேர் நடத்தும் ஸ்டூடியோ. வெப்சைட் வேலைதான் அதிகம் என்று ஹேண்டாஃப் கருவிக்குக் காசு கட்டினோம். எடிட்டிங்குக்குப் பழைய கணினியில் கிடந்த ஒரு மென்பொருளையே வைத்து ஓட்டினோம்.

சிவாஜிநகரில் ஒரு ஜவுளிக் கடைக்குப் பொங்கல் விளம்பரம், 20 விநாடி, வாசலில் எல்.இ.டி. திரையில் ஓட வேண்டும். தமிழ் வரிகளை டைம்லைனில் ஒட்டியது என் பார்ட்னர். அவர் கன்னடக்காரர், தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் ஹெட்போனில் பாட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, சரி, அனுப்பு என்றேன்.

மறுநாள் கடை வாசலில் நின்று பார்க்கிறேன். ஆள் உயர எழுத்தில் "பொங்கல்". ஆனால் கொம்பு முன்னால் வரவில்லை. முதலில் ப, அதன் பின்னால் கொம்பு, நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம், அப்புறம் கால். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்குத் தமிழ் எழுத்துக் காட்டத்தான் நின்றிருக்கிறார், விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். "இது என்ன எழுத்து தாத்தா?" என்று அந்த வட்டத்தைக் காட்டி அவள் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அன்று மாலையே மாற்றிக் கொடுத்தேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெரியவரை எங்கே போய்த் தேடுவேன்?

மாரத்தஹள்ளி மோஷன்:

அல்சூர் நண்பரே, அதற்குப் புது லைசென்ஸ் தேவைப்பட்டிருக்காது. எந்த மென்பொருள் என்று நீங்கள் சொல்லவில்லை. அடோபின் பிரீமியர் என்றால் அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பக்கம் போய் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றினால் கொம்பும் காலும் தன் இடத்துக்கு வந்துவிடும். மாற்றியபின் வரிகளைப் புதிதாக ஒட்டிப் பாருங்கள். பலர் இதற்குப் பயந்து, ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவம் போர்த்திய பழைய பாமினி எழுத்துருவில் தட்டிப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். திரையில் அழகாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து அந்த வரியைத் திருத்தத் திறக்கும் ஆளிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் இருக்கும்.

என் கதை சின்னது. ஒரு பேமென்ட் ஆப்புக்கு "பணம் போய்ச் சேர்ந்தது" என்று டிக் விழும் அனிமேஷன் செய்து, எம்.பி.4 கோப்பாக ரெண்டர் செய்து கொடுத்தேன். டெவலப்பர் அதை அப்படியே ஆப்பில் வைத்துவிட்டார். வெள்ளைப் பின்னணியோடு ஒரு கட்டம், அதற்குள் டிக். டார்க் மோடில் திறந்தபோது இருட்டில் ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்தபோது வாடிக்கையாளரின் முகம் இருந்த விதம் இன்னும் மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், இரண்டையும் ஒரே தராசில் வைப்பதே சரியில்லை. ஆப்புக்குள் அசைய வேண்டியதற்கு வீடியோ வேண்டாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்து, அதில் சேரும் பாடிமூவின் என்ற துணைக்கருவி வழியாக ஜேசன் என்னும் எழுத்துக் கோப்பாக எடுத்து, அதை ஆப்புக்குள் அசைத்துக் காட்டும் லாட்டியில் ஓட்டுங்கள். லாட்டியை ஏர்பிஎன்பி 2017இல் இலவசமாக வெளியிட்டது, நிழலுருவ அனிமேஷன் செய்த ஜெர்மன் கலைஞர் லாட்டே ரைனிகர் பெயரை வைத்து. பெரும்பாலும் சில கிலோபைட்தான் வரும், பின்னணியும் இருக்காது.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே 4கே வரை வெளியே எடுக்கும். காசு கட்டி வாங்கும் ஸ்டூடியோ பதிப்பு வேண்டுமென்றாலும் மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை, ஒரு முறை வாங்கினால் போதும். லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264 என்ற பரவலான வீடியோ வகைக் கோப்பைத் திறக்காது, முதலில் வேறு வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். போனில் எடுத்த கிளிப் என்றால் பிரேம் வேகம் ஒரே சீராக இருக்காது. நீளமான பேட்டியில் உதடும் குரலும் மெல்ல மெல்லப் பிரியும், எனவே அதையும் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டே டைம்லைனில் போடுங்கள்.

ஹேண்டாஃப் கருவி எதுவானாலும் அளவுகளை உங்கள் கையிலும் ஒரு பிரதி வைத்திருங்கள். இன்விஷன் என்ற டிசைன் கருவி 2024 முடிவோடு சேவையை நிறுத்திக்கொண்டது. அடோப் 2022 செப்டம்பரில் 2,000 கோடி டாலருக்கு ஃபிக்மாவை வாங்கப்போவதாகச் சொல்லி, ஐரோப்பிய, பிரிட்டன் ஒழுங்குமுறை அமைப்புகள் சம்மதிக்காததால் 2023 டிசம்பரில் கைவிட்டது. அந்தப் பதினைந்து மாதமும் எங்கள் ஆபீஸில் யாருக்கும் எதில் நிலைப்பது என்று தெரியவில்லை. ஆகவே எச்.எஸ்.ஆர். தோழி எடிட்டிங்கை இலவசத்தில் முடித்து, மிச்சப் பணத்தில் சீட் வாங்கியிருக்கலாம்.

ஒயிட்ஃபீல்டு டெவலப்பர்:

மாரத்தஹள்ளி நண்பர் சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் அந்தத் தோழி கேட்டது எதை வாங்குவது என்று அல்ல. அந்தப் பையன் ஏன் ராத்திரி பத்து மணிக்குத் தனியாக அளந்துகொண்டிருந்தான் என்பதுதான் அவரை அரிக்கிறது. நானும் டிசைனைக் கையில் வாங்கிச் செய்யும் பக்கம் உட்கார்ந்தவன், எனக்கு அது தெரியும். சீனியரிடம் மூன்றாவது முறை போய் "இது எவ்வளவு" என்று கேட்பதற்கு ஸ்கேல் எவ்வளவோ மேல்.

எங்கள் டிசைனர் ஒருவர் பிரசவ விடுப்பு முடிந்து வீட்டிலிருந்து வேலை பார்த்தார். எங்களிடம் சீட் இருந்தது, அளவு எல்லாம் கச்சிதமாக வரும். ஆனால் ஓர் அசைவுக்கு 300 மில்லிசெகண்ட் என்று எழுதியிருந்தால் அது எந்தப் பக்கமிருந்து வந்து எப்படி நிற்க வேண்டும் என்று எனக்குப் பிடிபடாது. அவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் திரையைப் பதிவு செய்து, பேசிக்கொண்டே விரலால் தள்ளிக் காட்டி அனுப்ப ஆரம்பித்தார். எடிட் எதுவும் கிடையாது. ஒன்றில் நடுவே குழந்தை அழுகிறது. "இருங்க, வந்துடறேன்" என்று போகிறார், இரண்டு நிமிடம் திரை சும்மா நிற்கிறது. திரும்பி வந்து, "இந்த இடம் எனக்கே சரியா வரலைங்க, உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்க" என்கிறார்.

எந்த ஹேண்டாஃப் கருவியும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தை மூன்று நாள் எடுத்துச் செய்தேன். நான் செய்ததிலேயே நல்ல பக்கம் அதுதான்.

மாரத்தஹள்ளி மோஷன்:

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பதிவு அனுப்பினால் கூடவே அளவும் எழுத்தில் வேண்டும். அடுத்து வரும் ஆள் நாற்பது வீடியோவை உட்கார்ந்து பார்க்க முடியாது. தமிழ் வரி இருக்கும் பக்கமென்றால் வரி உயரத்தையும் எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த உயரத்தில் மேலே சுழியும் கீழே கொக்கியும் வெட்டுப்படும்.

எச்.எஸ்.ஆர். டிசைனர்:

ஒயிட்ஃபீல்டு நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேறு கம்பெனியில் இருக்கிறான். மீட்டிங்கில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஸ்கேல் விஷயம் அவனுக்கு நினைவே இல்லை. "அக்கா, அந்த 19 பிக்சல் பக்கம், ரிப்போர்ட் கார்டு பக்கம், அதை மாத்திட்டீங்களா?" என்று கேட்டான். போனை வைத்துவிட்டு ஆப்பைத் திறந்து பார்த்தேன். அப்படியே இருக்கிறது. இப்போதுதான் திருத்தச் சொல்லி டிக்கெட் போட்டேன்.