ஹட்டனில் மேல் மாடி கட்டி வாடகைக்கு விட 60 லட்சம் லோன் எடுக்கலாமா?

கொட்டகலை தம்பி
வணக்கம். ஹட்டன் டவுனுக்குச் சற்று வெளியே அப்பா பெயரில் 12 பேர்ச்சில் வீடு இருக்கிறது, உறுதி சுத்தம், கடன் இல்லை. மேலே ஒரு மாடி போட்டு இரண்டு அனெக்ஸாக, அதாவது தனித்தனிச் சின்ன வீடாக, வாடகைக்கு விடலாம் என்று யோசிக்கிறேன். டிக்கோயா ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள், இடமாற்றத்தில் வரும் டீச்சர்மார் என்று வீடு கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஒன்றுக்கு 35,000 வாங்கலாம். பேங்கில் 12 வீத வட்டிக்கு 15 வருடத்தில் கட்டும்படி 60 லட்சம் தருகிறார்கள், தவணை 72,000. வாடகை 70,000 வந்துவிட்டால் மிச்ச 2,000 என் சம்பளத்தில் போகும். அப்பாவின் ஈ.பி.எஃப். காசு 15 லட்சத்தையும் கட்டடத்திலேயே போட்டுவிடவா? வீட்டை ஈடு வைக்க அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது.

பண்டாரவளை அக்கா
அம்மா பயப்படுவது சரிதான் தம்பி. அந்த 12 வீதம் எத்தனை வருடத்துக்கு நிற்கும் என்று கேட்டீர்களா? நாங்கள் 2019இல் எடுத்த லோன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ.டபிள்யூ.பி.எல்.ஆரை (பேங்குகள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடன் வட்டியின் சராசரியை) பார்த்து மாறும் வகை, கையெழுத்துப் போடும்போது யாரும் அதை விளக்கிச் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி கூட்டியது, அந்த வருடமே எங்கள் வட்டி 20ஐத் தாண்டிவிட்டது. வாடகைக்காரரிடம் அதைக் கேட்க முடியுமா, அவர்களும்தானே கேஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றார்கள். நகையை அடகு வைத்துத்தான் கட்டினோம். உங்கள் 60 லட்சத்துக்கு 20 வீதம் போட்டுப் பாருங்கள், தவணை 1,05,000. முதல் ஐந்து வருடமாவது மாறாத வட்டி கிடைத்தால், ஒரு வீதம் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள். அப்புறம், வருடத்துக்கு 12 மாத வாடகை என்று கணக்குப் போடாதீர்கள், 10 மாதம் போடுங்கள். டீச்சர் இடமாற்றம் கிடைத்துப் போனால் அடுத்தவர் வரும்வரை பூட்டித்தான் கிடக்கும், இடையில் பெயின்ட் வேறு அடிக்க வேண்டும்.

நாவலப்பிட்டியான்
எல்லாரும் வட்டியைப் பார்க்கிறீர்கள், மண்ணை யார் பார்ப்பது? நான் கட்டட வேலையில் இருக்கிறவன். நம் பக்கம் அனேக வீடுகள் சரிவை வெட்டி எடுத்த இடத்தில் நிற்கின்றன, கீழ் வீட்டுக்குப் போட்ட அத்திவாரம் மேல் மாடியைத் தாங்குமா என்று இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்தே ஆக வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும், அதைச் சும்மா ஒரு கடதாசியாக நினைக்காதீர்கள். 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்தோம், 2025 நவம்பரில் டித்வா புயலில் கண்டி, நுவரெலியா, பதுளை எல்லாம் என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை. வீடு போனாலும் கடன் போகாது தம்பி. காப்புறுதியில் தீ மட்டுமா, மண்சரிவும் வெள்ளமும் எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

கண்டி வாசகி
நான் நொத்தாரிசு ஒருவரிடம் வேலை செய்கிறேன், இரண்டு விஷயம் மட்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும், முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாளில் எழுதிவிட்டுப் பிறகு அழுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். மற்றது, 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி பேங்க் நீதிமன்றம் போகாமலே ஈடு வைத்த வீட்டை ஏலம் விட முடியும், அதைத்தான் பராட்டே என்பார்கள். அப்பா அதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடட்டும்.

கொட்டகலை தம்பி
அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு அம்மாவையும் உட்காரவைத்துத் திரும்பக் கணக்குப் பார்த்தோம். இப்போதைக்கு ஒரே அனெக்ஸ், லோன் 30 லட்சம். 12 வீதத்தில் தவணை 36,000, 20 ஆனாலும் 52,700, வீடு பூட்டிக் கிடந்தாலும் என் சம்பளத்தில் இழுத்துப் பறித்துக் கட்டிவிடலாம். அப்பாவின் காசில் 7 லட்சம் மட்டும் கட்டடத்துக்கு, 8 லட்சம் அம்மா பெயரில் நிலையான வைப்பில். மண் அறிக்கை வராமல் பேங்க் பக்கமே போவதில்லை. நாவலப்பிட்டி அண்ணே, வீட்டுக்குப் பின்னால் பத்தடி உயரத்தில் வெட்டிய மண் சுவர் இருக்கிறது, மழைக்குத் தண்ணீர் கசிகிறது. முதலில் அதற்குக் கருங்கல் சுவர் கட்டுவதா, வடிகான் வெட்டுவதா?

நாவலப்பிட்டியான்
வடிகான். மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்பாமல் சுவர் கட்டினால் சுவரோடு சேர்ந்து வரும். மழை பெய்யும்போது போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.