டர்ஹாம் புல்ஸ் கோடை: ஒரு புதுப்பிப்பு

வட கரோலினாவின் டர்ஹாம் புல்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டங்களில் பத்தையாவது இந்தக் கோடையில் நேரில் பார்த்து, அணி வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைத் தொகுப்பிலுள்ள எல்லா வீரர்களிடமும் கையெழுத்து வாங்கப்போவதாக ஏப்ரலில் எழுதியிருந்தேன். ஆட்டங்கள் பன்னிரண்டு ஆகிவிட்டன. கையெழுத்துகளோ பதினொன்றில் நிற்கின்றன. புல்ஸ் ஆடும் டிரிபிள்-ஏ நிலை, அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகிற்கு ஒரே படி கீழே இருப்பதால், நான் அட்டையை எடுத்துவைத்த வீரர் மறுநாளே புல்ஸின் மேஜர் லீக் தாய் அணியான டாம்பா பே ரேஸுக்கு அழைக்கப்பட்டுவிடுகிறார். அவருக்கு யோகம், எனக்கு ஏமாற்றம்.

இரண்டு கையெழுத்துகள் என் கவனக்குறைவால் கெட்டன. பளபளப்பான அட்டையில் ஷார்பி என்ற அழியா மைப் பேனாவின் நீல மை பிடிக்காமல் முத்துமுத்தாகத் திரண்டதைக் கவனிக்காமல், காய்வதற்குள் உறையில் செருகிவிட்டேன். இப்போதெல்லாம் முந்தைய இரவே குழந்தைப் பவுடரைப் பஞ்சில் தொட்டு அட்டையை மெல்லத் துடைத்துவைக்கிறேன். கோடு அறுபடாமல் விழுகிறது.

மைதானத்தின் இடப்புற நீலச் சுவரின் மேலுள்ள காளை உருவம், புல்ஸ் வீரர் பந்தை எல்லைக்கு அப்பால் தூக்கி ஹோம் ரன் அடித்ததும் கண் சிவந்து, மூக்கில் புகைவிட்டு வாலாட்டுவதை மட்டும் (வயது என்னவானால் என்ன) ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றே பார்த்தேன். பன்னிரண்டாவது கையெழுத்துக்காக வரும் செவ்வாய்க்கிழமை, தொடரின் முதல் ஆட்டத்துக்கே போகிறேன்.